எறும்பு மருந்து

ஈரப் போர்வையைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை அம்மா கையில், மறுமுனை மகள் கையில். இருவரும் எதிரெதிராக முறுக்க, நடுவில் தண்ணீர் கொட்டியது. குளியலறைக்கும் பின்கதவுக்கும் நடுவே இருந்த அந்தத் துண்டு சிமெண்டுத் தரையில்தான் அம்மா தன் விசாரணைகளை வைத்துக்கொள்வாள். போர்வையைப் பிடித்த ஆள் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாதல்லவா.

"காலையில போன்ல யாரு?"

"ஆபீஸ்."

"ஆபீஸ்காரங்ககிட்ட வாசல்ல போய் நின்னுதான் பேசுவியா?"

"உள்ள சிக்னல் இல்லம்மா."

"எனக்கு அடுப்படியிலயே கிடைக்குது சிக்னல். உன் சித்திதானே?"

மகள் போர்வையை இன்னொரு சுற்று முறுக்கினாள்.

"போதும்மா. இதுக்கு மேல தண்ணி வராது."

"வரும். முறுக்கினா எல்லாம் வரும்."

உள்ளே, சன்னலோரக் கட்டிலில் தம்பி படுத்திருந்தான். திறந்த கதவு வழியாக இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்தால் அவனுக்கு வாய் விரியாது, மூச்சு மட்டும் வேகமாகும். அது வேகமாகிக்கொண்டிருந்தது.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மகள். "நேத்து எங்க போன?"

"நூல் வாங்க."

"நூல் எங்க?"

"கலர் சரியில்ல. வாங்கல."

"போன வாரமும் கலர் சரியில்லையா?"

"உதறு," என்றாள் அம்மா. உதறினார்கள். கொடியில் போட்டார்கள். அம்மா ஓரங்களை இழுத்து நேர்செய்தாள். மகள் கிளிப் மாட்டினாள். அம்மா அந்தக் கிளிப்புகளைக் கழற்றி மறுபடி மாட்டினாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அம்மாவை அந்தத் தெருவில் சி.ஐ.டி. என்பார்கள். மருந்துக்கடைக்காரர் வைத்த பெயர். அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான். இளவயதில் ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். மேசை மேல் சட்டைகள் மலைபோல் வந்து விழும். ஒவ்வொன்றையும் புரட்டி, தையல் பிசகியிருந்தால் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்புத் துண்டு ஒட்டுவாள். நல்ல சட்டை என்று ஒன்று கிடையாது, குற்றம் கண்டுபிடிக்கப்படாத சட்டைதான் உண்டு என்பது அவள் கட்சி. கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த புடவையைப் புரட்டிப் பார்த்து ஓரத்தில் ஓர் இழை போயிருப்பதைச் சபையிலேயே காட்டியவள். அப்பா வேலைக்கென்று வெளியூர் போனவர், போனவர்தான். அதையும் அவள் முன்கூட்டியே சந்தேகப்பட்டிருந்தாள். அதனால் அழவில்லை என்று சித்தி சொல்வாள். சித்தி சொன்னதை மகள் முழுக்க நம்பியதில்லை.

தம்பியின் நோயை முதலில் கண்டுபிடித்தது அந்தக் கண்தான். நடந்துகொண்டிருந்த பிள்ளை கால் இடறத் தொடங்கினான். பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒவ்வொரு வார்த்தையாகத் தொலைத்தான். முதலில் 'சைக்கிள்' போனது. பிறகு 'பூனை'. அம்மா கவனித்தாள். டாக்டர்கள், சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார்கள். அம்மாவுக்கு மனக்குழப்பம் என்றுகூட ஒருவர் எழுதினார். அவள் ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி ஏறினாள். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை அவள் பக்கம் பேசியது. உடம்பு தினமும் கழித்துத் தள்ள வேண்டியதைத் தள்ளத் தெரியாமல் உள்ளேயே சேர்த்து வைக்கும் நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிசகு வந்து சேர்ந்தால்தான் வரும். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது. மருந்து இல்லை. பள்ளிக்கூடம் முடிக்கிற வயது வரை இருந்தால் அதிகம் என்றார்கள். தம்பிக்கு இப்போது அந்த வயதுதான்.

அம்மா அவனைத் துரை என்று கூப்பிடுவாள். துரை நடக்கவில்லை, பேசவில்லை, கூழாகக் கரைத்ததைத்தான் விழுங்கினான். ஆனால் கேட்டான், புரிந்துகொண்டான். மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் கட்டிலருகே அழைத்துப்போய் நிறுத்துவாள்.

"துரை, இந்த ஆள் பொய் சொல்றாரா?"

துரை கண்ணை மேலே தூக்குவான். வந்தவர் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். அந்த ஆள் மறுமுறை வாசலைத் தாண்டியதில்லை.

மகளுக்கு வேலை ஒரு ரசாயன ஆலையில். பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர், தராசு, இவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சரிபார்க்கிற வேலை. எந்தக் கருவியையும் அதன் வாய்வார்த்தையை வைத்து நம்பக்கூடாது. தெரிந்த எடையை வைத்துப் பார், பிறகு தெரியாததை வை, பிறகு மறுபடி தெரிந்ததை வை. "உன் தொழிலும் என் தொழிலும் ஒண்ணுதான், உனக்குச் சம்பளம் ஜாஸ்தி," என்பாள் அம்மா. தம்பிக்கு வலிப்பு கூடியபோது மகள் தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து அம்மாவின் பார்வை அவள் முதுகில் இருந்தது.

காரணம் சித்தி. சித்தி வாரம் தவறாமல் போன் செய்வாள். "உங்கம்மாவுக்கு வயசாகுது. நீ எத்தனை நாள் கல்யாணம் இல்லாம உக்காந்திருப்ப? நல்ல காப்பகம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். நீ சொன்னாத்தான் அவ கேப்பா." மகள் சரி என்றதில்லை. முடியாது என்று கத்தியதும் இல்லை. வாசலில் நின்று 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொள்வாள். அந்த 'ம்' அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. சமையலறை ஜன்னல் வாசல் பக்கம்தான்.

மகளின் சந்தேகம் வேறு பக்கம் ஓடியது. அவளுக்கு வாரவிடுமுறை வருகிற நாளாகப் பார்த்து அம்மா நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வெறுங்கையோடு திரும்பினாள். எங்கே என்றால் நூல். அம்மாவே அந்தக் காப்பகத்தைப் போய்ப் பார்க்கிறாளோ? தனக்குத் தெரியாமல் பேசி முடித்துவிட்டு, ஒருநாள் வண்டி வந்து நின்றபிறகு சொல்வாளோ? அம்மா அப்படிச் செய்யக்கூடியவள்தான். முடிவு எடுத்தபிறகு சொல்வது அவள் பழக்கம்.

இப்படி ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டே இருவரும் அவனைப் புரட்டிப் போட்டார்கள், முதுகைத் தட்டிச் சளி எடுத்தார்கள், குளிப்பாட்டினார்கள். மகள் எல்லாம் செய்யலாம். மருந்து மட்டும் கூடாது. மருந்து அலமாரிக்கு ஒரே சாவி. அது கறுப்புக் கயிற்றில் அம்மா கழுத்தில் தொங்கியது. அலமாரியைத் திறக்கும்போது அம்மா உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்பாள். சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்து, அப்புறம்தான் திரும்புவாள்.

போர்வை பிழிந்ததற்கு அடுத்த நாள் காலை அம்மா பால் வாங்கப் போனாள். கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பாட்டில் மூடியில் சீல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கினாளாம். குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், உயிர் போய்விட்டது என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி, செருப்பு, கயிற்றோடு சாவி. மகள் கையெழுத்துப் போட்டாள். தம்பியைப் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மதிய மருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலும் அவனுக்கு வலிப்பு வரும். முன்பு ஒருமுறை வந்தது நிற்கவே இல்லை, அதற்குப் பிறகுதான் அவன் கழுத்து நிற்காமல் போனது. மகள் ஆட்டோவில் அதை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தாள். வேறெதையும் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். முதல்முறையாக.

மேல்தட்டில் வரிசையாகப் பழுப்பு நிறப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அம்மாவின் கையெழுத்தில் ஒட்டுக்காகிதம். 'பல்வலி.' 'செடி உரம்.' 'தையல் மிஷின் எண்ணெய்.' 'காது.' 'எறும்பு மருந்து.' 'பித்தளை பாலிஷ்.'

இந்த வீட்டில் தையல் மிஷின் கிடையாது. செடியும் கிடையாது.

மகளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சில வருடங்களுக்கு முன் உதவிக்கு வந்த ஒரு பெண், அம்மா அசந்த நேரத்தில், பிள்ளை சத்தம் போடாமல் கிடக்கட்டும் என்று தூக்க மருந்தை இரட்டிப்பாக ஊற்றிவிட்டாள். தம்பி ஒரு பகல் முழுக்கக் கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பூட்டு வந்தது. பூட்டு மட்டும் வந்தது என்றுதான் மகள் நினைத்திருந்தாள். பூட்டை உடைத்தாலும் ஒன்றும் எடுக்க முடியாதபடி அம்மா எல்லாவற்றையும் வேறு பாட்டிலில் ஊற்றி, பொய்ப் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் மகள் கூர்ந்து பார்த்தாள். காகிதங்கள் புதியவை. பசை இன்னும் வெள்ளையாக இருந்தது. உதவிப்பெண் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இவை மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு ஒட்டியவை.

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள்.

மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்த சிரப் கடையில ஸ்டாக் இல்லம்மா. சொல்லி வரவழைக்கணும். நாளைக்குத்தான் வரும். வீட்ல இருக்குமே, போன வாரம்தானே வாங்கிட்டுப் போனாங்க?"

"இருக்கு. எதுல இருக்குன்னு தெரியல. எது எப்படி இருக்கும், சொல்லுங்க."

"லேசான ரோஸ் கலர். கெட்டியா இருக்கும்."

ரோஸ் நிறத்தில் இரண்டு இருந்தன. 'காது', 'எறும்பு மருந்து'. இரண்டும் கெட்டி. அதை அவரிடம் சொன்னாள்.

"இன்னொண்ணு சளி சிரப்பா இருக்கும்," என்றார் அவர். "அது கடைசி வரைக்கும் இனிக்கும். இது முதல்ல இனிக்கும், அப்புறம் தொண்டையில கசக்கும். பசங்க துப்பிடுவாங்க. ஆனா பாருங்கம்மா, எறும்பு மருந்துன்னு எழுதியிருந்தா நீங்க நாக்குல வைக்காதீங்க. ஒருவேளை நிஜமாவே..."

"வேற வழி இருக்கா?"

போனை வைத்தாள்.

மகள் இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள். தையல்கார அம்மா எழுந்து வழிவிட்டார். தம்பியின் மூச்சு வேகமாக இருந்தது. சிரிப்பினால் இல்லை. இடது கை விரல்கள் லேசாகத் துடிக்கத் தொடங்கியிருந்தன. அது முன்னறிகுறி என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அவனைக் கேட்டால் சொல்வான். சின்ன வயதிலிருந்து அம்மா பாட்டிலைத் திறப்பதைப் பார்க்கிற ஒரே ஆள் அவன்தான். அம்மா உடம்பால் மறைத்தது வாசல் பக்கத்தை, கட்டிலை அல்ல. ஆனால் அவன் குறும்புக்காரன். சாப்பாடு நல்லா இருக்கா என்றால் கண்ணை மூடுவான். தான் ராஜாவா என்றால் மேலே பார்ப்பான். அவன் சொன்னான் என்று எறும்பு மருந்தைக் கொடுப்பதா?

தெரிந்த எடையை முதலில் வை.

"டேய். நான் உன் அக்காவா?"

மேலே பார்த்தான்.

"நான் உன் தங்கச்சியா?"

மூடினான்.

"வலிப்பு மருந்து இதுல இருக்கா?" 'காது' என்றிருந்ததைக் காட்டினாள்.

மூடினான்.

"இதுல?" 'எறும்பு மருந்து.'

மேலே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுபடி தெரிந்த எடை.

"நம்ம தெருவுல அம்மாவுக்கு என்ன பேரு, போலீஸா?"

மூடினான்.

"சி.ஐ.டி.யா?"

மேலே.

தையல்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மகள் மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டாள். இனித்தது. காத்திருந்தாள். இனிப்பு நீண்டுகொண்டே போனது. பிறகு தொண்டையின் அடியில் மெல்ல ஒரு கசப்பு எழுந்து பரவியது. வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக எதையும் அவள் விழுங்கியதில்லை.

அளவு அவளுக்குத் தெரியும். டாக்டரின் சீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. சிரிஞ்சில் எடுத்து, கன்ன ஓரமாக மெல்ல விட்டாள். விழுங்கினான். அவன் விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துடிப்பு தளர்ந்தது.

அப்போதுதான் ஒதுக்கி வைத்தது திரும்பி வந்தது.

"டேய், அம்மா என்னை நம்பலையா?"

அவன் கண்கள் மூடியிருந்தன. அவள் கேட்பதற்கு முன்பே மூடிவிட்டானா, கேட்ட பிறகா என்று அவள் கவனிக்கவில்லை. மருந்து போட்டால் அவன் தூங்கிவிடுவது வழக்கம்தான்.

சித்தி மாலையில் வந்து சேர்ந்தாள். அழுதாள். எல்லாம் முடிந்து வீட்டில் ஆட்கள் குறைந்தபிறகு பேச்சை எடுத்தாள்.

"இப்பவாவது சொல்றதைக் கேளு. நீ வேலைக்குப் போவியா, இவனைப் பார்ப்பியா? ரெண்டு கை, ரெண்டு கால்தானே உனக்கு?"

"அவன் இங்கதான் இருப்பான் சித்தி."

"உங்கம்மா மாதிரியே பேசற. அவளும் யாரையும் கிட்ட சேர்க்கல. கடைசில என்ன ஆச்சு? உனக்கே சாவி குடுக்கலையே அவ! பெத்த பொண்ணு, உன்னையே நம்பல. யாருக்காக நீ இப்படி..."

"காபி ஆறுது சித்தி," என்றாள் மகள்.

அந்த வார்த்தை மட்டும் ஆறவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கடைக்காரர் துணையோடு சரிபார்த்து, சரியான பெயர் எழுதி ஒட்டும்போது, பழைய காகிதங்களை உரிக்க உரிக்க அது கூடவே வந்தது. 'செடி உரம்' என்று என்னை நினைத்துத்தான் எழுதினாயா? 'பித்தளை பாலிஷ்' என்று எழுதும்போது நான் பக்கத்து அறையில்தானே இருந்தேன்? கேஜ் தவறாகக் காட்டினால் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்லலாம். போன ஆளை எங்கே பிரித்துப் பார்ப்பது. அம்மா வெறுங்கையோடு திரும்பிய அந்த நாள்களும் சேர்ந்துகொண்டன. காப்பகத்துக்கே போன் செய்து கேட்டாள். அப்படி ஒரு அம்மா யாரும் வந்ததில்லை என்றார்கள். பிறகு எங்கே?

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்தாள். கட்டிலருகே அழைத்துப்போய் நிறுத்தினாள். தன்னை அறியாமலே கேட்டாள்.

"டேய், இவங்க பொய் சொல்றாங்களா?"

தம்பி வெகுநேரம் நர்ஸம்மாவைப் பார்த்தான். கண்ணை மூடினான். மூச்சு வேகமானது.

"என்னம்மா, இன்டர்வியூ முடிஞ்சுதா?" என்றார் நர்ஸம்மா. "பாஸா, பெயிலா?"

"பாஸ்."

"அப்ப அந்த அலமாரிச் சாவியை எங்கிட்ட ஒண்ணு குடுத்துடுங்க. மதிய மருந்துக்கு நீங்க ஆலையிலேர்ந்து ஓடி வரவா முடியும்?"

நியாயமான பேச்சு. இருப்பதோ ஒரே சாவி. அது இப்போது மகளின் கழுத்தில் இருந்தது. எப்போது மாட்டிக்கொண்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், குடை ரிப்பேர் கடைக்கும் செல்போன் கவர் விற்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே, பெட்டி அளவில் ஒரு சாவிக்கடை. தலைக்கு மேல் சாவிகள் தோரணமாகத் தொங்கின. சாவிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவள் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"இந்தச் சாவிக்கு ஒரு அம்மா வருவாங்களே?"

"எங்கம்மா. தவறிட்டாங்க."

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"பல தடவை வந்தாங்கம்மா. இதே மாதிரி இன்னொரு சாவி போடணும்னாங்க. சரி குடுங்கன்னேன். குடுக்க மாட்டாங்களாம். 'நீ ஒண்ணு எனக்குப் போட்டுட்டு ஒண்ணு உனக்குப் போட்டுக்கிட்டா நான் எங்க போய்க் கண்டுபிடிக்கிறது?'ன்னாங்க. கழுத்துலயே இருக்கட்டும், பார்த்துச் செய்யின்னாங்க. சாவியை மெஷின்ல வைக்கலாம், கழுத்தை வைக்க முடியுமா? சொல்லுங்க."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. விழுங்கிக்கொண்டாள்.

"யாருக்கு இன்னொண்ணுன்னு சொன்னாங்களா?"

"பொண்ணுக்குன்னாங்க. அதுக்கும் ஒரு மிரட்டல். 'என் பொண்ணு அளவெல்லாம் சரிபார்க்கிறவ. ஒரு மயிரிழை பிசகினாலும் உன்னைக் கூண்டுல ஏத்திடுவா'ன்னு. கடைசியா வந்தப்ப மனசு வந்துடுச்சு. கயித்தைக் கழட்டிட்டாங்க. கையை நீட்டிட்டாங்க, நானும் நீட்டிட்டேன். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருத்தன் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கிட்டு வந்து நின்னான். அவ்வளவுதான். திரும்ப மாட்டிக்கிட்டாங்க. அடுத்த வாரம் வரேன்னு போனவங்கதான்."

ஒரு பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பியது. சாவிக்காரர் கையை நீட்டினார்.

"குடுங்க. பத்து நிமிஷ வேலை. கடைத்தெருவுல எதாவது வாங்கறதுன்னா வாங்கிட்டு வந்துடுங்க."

மகள் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.

"வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "நான் இங்கயே நிக்கிறேன்."